இன்சுலின் இதயத்தை என்ன செய்கிறது? விடையைக் கண்டுபிடித்து, பிறகு அதைத் திரும்பப் பெற்ற ஸ்டார்லிங்

சாப்பிட்டுச் சில நிமிடங்களில் உங்கள் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரை குறையும். இதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான்.

ஆனால் அதே இன்சுலின் இதயத்தை என்ன செய்கிறது? அதுவும் நீரிழிவு இல்லாத, ஆரோக்கியமான ஒருவரின் இதயத்தை?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கும் மேல். இன்சுலின் என்ற மருந்தே இல்லாத 1912ஆம் ஆண்டில், லண்டனில் ஒரு விஞ்ஞானி இதற்கு விடை கண்டார். அடுத்த ஆண்டே, அந்த முடிவை நம்ப முடியாது என்று அவரே எழுதினார். கடைசியில் பார்த்தால், அவர் முதலில் சந்தேகப்பட்டது சரிதான்!

அவர் எர்னஸ்ட் ஹென்ரி ஸ்டார்லிங். உயிரியல் பாடத்தில் ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்று ஒன்று வருமே... அதே ஸ்டார்லிங்தான். 'ஹார்மோன்' என்ற சொல்லை மருத்துவ உலகில் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே.

யார் இந்த ஸ்டார்லிங்?

ஸ்டார்லிங் 1866 ஏப்ரல் 17ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். வேலையோ பம்பாயில். அவர் வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். பிள்ளைகளை வளர்த்தது அம்மா.

1882இல், 16 வயதில், லண்டனின் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார் ஸ்டார்லிங். நோயாளிகளுக்கு மருந்து எழுதிக் கொடுப்பதைவிட, உடல் எப்படி இயங்குகிறது என்பதில்தான் அவருக்கு ஆர்வம். அந்தத் துறைக்கு உடலியங்கியல் என்று பெயர்.

அப்போது அதில் முன்னணியில் இருந்த நாடு ஜெர்மனி. 1885இல் ஹைடல்பெர்க் நகருக்குப் போய்ப் படித்தார். பின்னர் பிரெஸ்லாவ் நகரிலும் ஆய்வு செய்தார். ஜெர்மானிய விஞ்ஞானிகளோடு ஏற்பட்ட அந்த நெருக்கம், பின்னால் அவருக்கே சங்கடமாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

1891இல் ஃபுளோரன்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அவர், இளம் வயதில் இறந்துபோன சக ஆய்வாளர் ஒருவரின் மனைவி. கணவரின் ஆய்வு வேலைகளிலும் ஃபுளோரன்ஸ் கைகொடுத்தார்.

அதே காலத்தில் கிடைத்த இன்னோர் உறவு, வில்லியம் பெய்லிஸ். ஸ்டார்லிங் வேகமானவர், மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். பெய்லிஸ் அமைதியானவர், எதையும் நிதானமாகச் செய்பவர். இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். 1893இல் பெய்லிஸ், ஸ்டார்லிங்கின் தங்கை கெர்ட்ரூடைத் திருமணம் செய்துகொண்டார். ஆய்வுக்கூடத் தோழர்கள் மைத்துனர்கள் ஆகிவிட்டார்கள்.

1899இல், 33 வயதில், ஸ்டார்லிங் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

ஹார்மோன் பிறந்த கதை

உணவு வயிற்றிலிருந்து சிறுகுடலுக்கு வரும்போது கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்று கணையத்துக்குச் சொல்வது யார்? நரம்புகள்தான் என்பது அன்றைய நம்பிக்கை. ரஷ்யாவின் புகழ்பெற்ற இவான் பாவ்லோவும் அதையே சொன்னார்.

1902 ஜனவரி 16. ஸ்டார்லிங்கும் பெய்லிஸும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டினார்கள். பிறகு அங்கே அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது!

அப்படின்னா செய்தி ரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஸ்டார்லிங் உடனே அந்தக் குடலின் உள்படலத்தைச் சுரண்டி எடுத்தார். அமிலத்தோடு சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக்குழாயில் செலுத்தினார். கணையம் மறுபடியும் சுரந்தது.

அந்தப் பொருளுக்கு 'செக்ரட்டின்' என்று பெயர் வைத்தார்கள். இப்படி ஓர் உறுப்பில் உருவாகி, ரத்தத்தில் பயணம் செய்து, இன்னோர் உறுப்பை வேலை செய்ய வைக்கும் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டுமே? 1905இல் லண்டனில் ஆற்றிய உரையில் ஸ்டார்லிங் பயன்படுத்திய சொல்தான் ஹார்மோன். தூண்டிவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

நீதிமன்றம் போன பழுப்பு நாய்

இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவை நாய்கள்.

1902 டிசம்பரில், ஒரு பழுப்பு நிற டெரியர் நாய்க்கு அறுவை சிகிச்சை செய்து அதன் கணையக் குழாயைக் கட்டிவைத்தார் ஸ்டார்லிங். 1903 பிப்ரவரியில் அதே நாயின் வயிற்றைத் திறந்து முடிவைப் பார்த்தார். பிறகு, மாணவர்களுக்கு வேறொரு சோதனையைச் செய்துகாட்ட அதை பெய்லிஸிடம் கொடுத்தார்.

விலங்குச் சோதனையை எதிர்த்த இரண்டு சுவீடன் பெண்கள் மாணவர்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்க்குச் சரியாக மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அதை ஒரு தலைவர் மேடையில் பேச, பெய்லிஸ் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கில் வென்றார். இழப்பீடு 2,000 பவுண்டு.

ஆனால் அந்த விசாரணையில் ஸ்டார்லிங் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு விலங்கை இப்படி இரண்டு சோதனைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். அதை மீறினேன், இரண்டாவது நாயைக் கொல்லாமல் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. 1906இல் லண்டனின் பேட்டர்சி வட்டாரத்தில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். 1907இல் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், கலவரம் வெடித்தது. 1910இல் சிலை அகற்றப்பட்டது. விலங்குகளை வைத்துச் சோதனை செய்வது சரியா என்ற கேள்வி மட்டும் இன்றும் இருக்கிறது.

இதயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்?

கணையத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பது 1889இலேயே தெரியும். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோது அதற்குக் கடுமையான நீரிழிவு வந்தது. ஆக, கணையத்திலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்துக்குப் போகிறது. அது எங்கே போய் என்ன செய்கிறது?

ஹார்மோன் என்று பெயர் வைத்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்காமல் இருக்குமா?

உயிருள்ள உடலில் இதயத்தை மட்டும் கவனிப்பது கடினம். நரம்பு ஒரு பக்கம் இழுக்கும், கல்லீரல் இன்னொரு பக்கம் சர்க்கரையை விடும். அதனால் ஸ்டார்லிங் ஓர் அமைப்பை உருவாக்கினார். அதற்கு இதய-நுரையீரல் அமைப்பு என்று பெயர்.

அதில் நாயின் இதயமும் நுரையீரலும் மட்டும் வேலை செய்யும். இதயத்திலிருந்து வெளியே வரும் ரத்தம் உடலுக்குப் போகாமல் கண்ணாடி, ரப்பர் குழாய்கள் வழியாகச் சுற்றி, சூடாக்கப்பட்டு, மறுபடியும் இதயத்துக்கே வரும். எவ்வளவு ரத்தம் உள்ளே போகிறது, எவ்வளவு அழுத்தத்தில் வெளியே வருகிறது என்பதை ஆய்வாளரே மாற்றலாம். இதயம் மணிக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கும்.

1912இல் அமெரிக்க ஆய்வாளர் நோல்ட்டனோடு சேர்ந்து, சாதாரண நாயின் இதயத்தையும் கணையம் எடுக்கப்பட்டு நீரிழிவு வந்த நாயின் இதயத்தையும் அதில் ஒப்பிட்டார். சுற்றும் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள்.

முடிவு தெளிவாகத் தெரிந்தது. சாதாரண இதயம் சர்க்கரையை நன்றாகப் பயன்படுத்தியது. நீரிழிவு இதயத்தால் அது முடியவில்லை. கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ரத்தத்தில் கலந்ததும் நிலைமை மாறியது. நீரிழிவு இதயமும் சர்க்கரையைப் பயன்படுத்தத் தொடங்கியது!

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நீரிழிவு வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. உணவைக் கடுமையாகக் குறைத்து, நாள்களைத் தள்ளிப்போடுவதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியாது. கணையச் சாறு வேலை செய்கிறது என்று ஒரு பெரிய விஞ்ஞானி சொன்னால், அது சாதாரணச் செய்தியா?

ஓர் ஆண்டில் என்னாச்சு?

ஸ்டார்லிங் அதோடு நிறுத்தவில்லை. பேட்டர்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து மறுபடியும் சோதித்தார். முதல் ஆய்வு போலத் தெளிவான முடிவு வரவில்லை. காரணத்தைத் தேடியபோது இரண்டு ஓட்டைகள் தெரிந்தன.

ஒன்று, நுரையீரல். அதுவும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. குறைந்த சர்க்கரை முழுவதும் இதயத்துக்குப் போனது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு, சேமிப்பு. நீரிழிவு வந்த நாயின் இதயத் தசையில் கிளைக்கோஜன் ஏற்கனவே நிறைய இருந்தது. கிளைக்கோஜன் என்பது தசை சேர்த்து வைக்கும் சர்க்கரை. வீட்டில் அரிசி மூட்டை நிறைய இருந்தால் கடைக்குப் போக மாட்டோம், இல்லையா? அந்த இதயம் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுக்கவில்லை என்பதால், அதற்கு எடுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது.

1913இல் ஸ்டார்லிங்கும் பேட்டர்சனும் இதை வெளியிட்டார்கள். முந்தைய ஆண்டின் முடிவை ஏற்க முடியாது என்று ஆகிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் மெக்லியோட் என்ற ஆய்வாளரும் அந்த முடிவில் உள்ள கோளாற்றைச் சுட்டிக்காட்டினார். மெக்லியோட்... இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் அறிந்த பேராசிரியர் தம்முடைய பரபரப்பான கண்டுபிடிப்பைத் தாமே கேள்விக்குள்ளாக்குவது எளிதான காரியம் இல்லை. கணையச் சாற்றை மருந்தாக்க முயன்ற மற்றவர்களும் அந்தக் காலத்தில் அடுத்தடுத்துத் தடுமாறினார்கள். நோயாளிகள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதய விதியும் உலகப் போரும்

சர்க்கரையை அளக்கச் சொதப்பிய அதே அமைப்பு, வேறொரு கேள்விக்கு அருமையாக வேலை செய்தது.

இதயத்துக்குள் வரும் ரத்தத்தை ஸ்டார்லிங் கூட்டிப் பார்த்தார். இதயச் சுவர் அதிகமாக விரிந்தது. அதற்கேற்ப அடுத்த துடிப்பு வலுவாக இருந்தது. உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் இதயம் வெளியே தள்ளிவிட்டது, நரம்பின் உதவி இல்லாமலேயே! 1914இல் இது வெளிவந்தது. ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் இதையொட்டிய ஆய்வை முன்பே செய்திருந்ததால் இருவர் பெயரிலும் அந்த விதி வழங்குகிறது.

அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஸ்டார்லிங் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். நச்சுவாயுத் தாக்குதலிலிருந்து வீரர்களைக் காக்கும் வழிகளை ஆராய்ந்தார். மேலதிகாரிகள் மெத்தனமாக இருப்பதாக வெளிப்படையாகக் குறை சொன்னார். பிறகு கிரேக்கத்தின் சலோனிக்காவுக்கு அனுப்பப்பட்டார். நாடு திரும்பியதும், போர்க்காலத்தில் மக்களுக்கு எவ்வளவு உணவு தேவை என்பதை ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

பட்டென்று பேசும் குணம், ஜெர்மானிய அறிவியல்மீது வைத்திருந்த மதிப்பு... இவை இரண்டும் அவருக்கு நண்பர்களைச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. மைத்துனர் பெய்லிஸுக்கு சர் பட்டம் கிடைத்தது, ஸ்டார்லிங்குக்குக் கிடைக்கவில்லை. பல முறை பரிந்துரைக்கப்பட்டும் நோபெல் பரிசும் அவர் கைக்கு வரவில்லை. 1920இல் அவருக்குக் குடல் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது.

டொராண்டோவிலிருந்து வந்த விடை

1921இல் கனடாவின் டொராண்டோவில் ஃபிரெடரிக் பேன்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுத்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமா? ஸ்டார்லிங்கின் முடிவில் கோளாறு கண்ட அதே மெக்லியோட்.

1922 ஜனவரியில், லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு செலுத்தப்பட்டது. முதல் ஊசி அவ்வளவாகப் பலன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, அதே மாதம் போட்ட அடுத்த ஊசிக்குப் பிறகு சிறுவன் தேறினான். அதுதான் இன்சுலின். 1923இல் பேன்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

1922இல் டொராண்டோவில் இன்னொரு சோதனையும் நடந்தது. ஹெப்பர்ன், லாச்ஃபோர்ட் என்ற இருவர் முயலின் இதயத்தைத் தனியாக எடுத்து, சர்க்கரை கலந்த உப்புக் கரைசலைச் செலுத்தித் துடிக்க வைத்தார்கள். இந்த முறை நுரையீரல் இல்லை. இன்சுலினைச் சேர்த்தார்கள். இதயம் சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவு சுமார் மூன்று மடங்கு கூடியது.

கவனியுங்கள், அவை நீரிழிவு இல்லாத முயல்களின் இதயங்கள். ஸ்டார்லிங்குக்கு 1912இல் வந்த சந்தேகம் சரிதான். கணையத்தின் செய்தி இதயத்தையும் எட்டுகிறது. அவருடைய அளவுகோலில்தான் கோளாறு இருந்தது.

கடைசிப் பயணம்

1923இல் ஸ்டார்லிங் லண்டனில் ஆற்றிய ஓர் உரைக்கு உடலின் ஞானம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். உடம்பு சரியில்லாத நிலையிலும் ஆய்வுக்கூடத்துக்குப் போவதை அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு பெய்லிஸ் காலமானார்.

1927இல் ஓய்வுக்காகக் கப்பல் பயணம் மேற்கொண்டார் ஸ்டார்லிங். மே 2ஆம் தேதி, கப்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தை நெருங்கும் நேரத்தில், அவர் உயிர் பிரிந்தது. வயது 61. அந்தத் தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1928இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. இதய-நுரையீரல் அமைப்பில் இன்சுலினும் சர்க்கரையும் என்ன செய்கின்றன என்பது பற்றியது. அதை எழுதிய மூவரில் ஒருவர் லெனர்ட் பெய்லிஸ், அதாவது வில்லியம் பெய்லிஸின் மகன். இன்னொருவர் ஸ்டார்லிங். 1913இல் பாதியில் நின்ற கேள்வியைக் கடைசி வரை அவர் விடவில்லை!

சரி, இன்று நமக்கு என்ன தெரியும்?

இன்றைய ஆய்வாளர்கள் மனிதர்களிடமே இதைப் பாதுகாப்பாகச் சோதிக்க முடிகிறது. ஒரு பக்கம் இன்சுலின், மறுபக்கம் குளுக்கோஸ் என இரண்டையும் ரத்தத்தில் செலுத்துவார்கள். சர்க்கரை அளவு ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்கும். அப்போது உடலில் தெரியும் மாற்றத்துக்குச் சர்க்கரை குறைந்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியதைத் தனியே பிரிப்பதுதான் ஸ்டார்லிங் தேடிய வழியும்.

ஆரோக்கியமான ஒருவர் நாசி லெமாக்கும் தே தாரிக்கும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் கூடும்போது...

எரிபொருள் மாறும்: வெறும் வயிற்றில் இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரித்துத்தான் வேலை செய்கிறது. இன்சுலின் கூடினால் உடல் கொழுப்பை வெளியே விடுவது குறையும். இதயத் தசையில் குளுக்கோஸ் நுழையும் வாயில்கள் அதிகம் திறக்கும். இதயம் சர்க்கரைப் பக்கம் திரும்பும்.

ரத்தக்குழாய்கள் தளரும்: இன்சுலின் ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு உருவாக உதவும். குழாய்கள் கொஞ்சம் விரியும். தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் போகும்.

நரம்புகள் சுறுசுறுப்பாகும்: உடலைத் தயார்நிலையில் வைக்கும் நரம்புகளை இன்சுலின் தூண்டும். இதயத் துடிப்பும், இதயம் வெளியேற்றும் ரத்தமும் லேசாகக் கூடலாம்.

குழாய் விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கப் பார்க்கும். நரம்பு தூண்டப்பட்டால் ஏறப் பார்க்கும். ஆரோக்கியமான உடலில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் ரத்த அழுத்தம் பொதுவாக அதிகம் மாறுவதில்லை. நமக்கும் எதுவும் தெரிவதில்லை.

இன்சுலின் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் அனுப்பும். பொட்டாசியம் அளவு ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். அதனால்தான் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய நோயாளிகளுக்கு மருத்துவமனையில் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுக்கிறார்கள்.

அப்போ நெஞ்சு படபடப்பது எதனால்?

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குச் சில நேரம் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும். சர்க்கரை அளவு மிகவும் இறங்கியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆபத்தை உணர்ந்த உடல் அட்ரினலினைச் சுரக்க, இதயம் வேகமெடுக்கிறது. வீட்டில் தாத்தா, பாட்டிக்கு இப்படி நடந்தால் அலட்சியம் வேண்டாம். சர்க்கரையைச் சோதியுங்கள். மருத்துவர் சொல்லியிருப்பதுபோல் உடனே இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊட்டாமல் அவசர உதவியை அழையுங்கள்.

ஆரோக்கியமான உடலில் சர்க்கரை இறங்கத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். வெளியிலிருந்து ஊசி மூலம் போனதை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. உடற்கட்டுக்காக இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்தாவது அதனால்தான்.

இன்சுலின் இதயத்தின் சுருங்கும் வலுவை நேரடியாக எவ்வளவு கூட்டுகிறது, நரம்புகள் வழியாக எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இன்றும் எளிதல்ல. நுரையீரல் எடுத்த சர்க்கரை எவ்வளவு, இதயம் எடுத்தது எவ்வளவு என்று 1913இல் ஸ்டார்லிங் திணறினாரே, கிட்டத்தட்ட அதே சிக்கல்தான் இது.